ஒண்ணும் எடுக்க வேண்டாம்

மார்த்தாண்டத்தில் ஜான்ரோஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். மற்ற எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டர் சார். தொண்ணூற்றாறில் அந்தச் சந்தை ரோட்டுக்கே முதல் கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியவர் அவர். அதுவரை டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்த கடை, அதன் பிறகு கல்யாணக் கார்டும் சபைச் செய்தி மடலும் அச்சுக்கு அமைத்துக் கொடுக்கிற கடையாயிற்று. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்தார். ஊர் ஒருவருக்குப் பட்டம் கொடுத்தால் லேசில் திரும்ப வாங்காது. இரண்டாயிரத்து ஐந்துக்குப் பிறகு அவர் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவரும்தான்.

2013 டிசம்பரில், கிறிஸ்துமஸ் கார்டுகளும் பவனிப் பாட்டுத் தாள்களும் மேஜையில் குவிந்து கிடந்த ஒரு காலையில், தோஹாவிலிருந்து மருமகன் ஆன்ட்ரூஸ், மகள் அபினாவின் கணவன், கூப்பிட்டான்.

"மாமா, வேலையா இருக்கியளா? ஒரு காரியம் செய்யணும். அபினா அங்க விட்டுட்டு வந்த என் பழைய லேப்டாப் இருக்குல்லா?"

"அலமாரியில பத்திரமா இருக்கு. சொல்லுங்க மாப்பிள."

சொன்னான். நாகர்கோவிலில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும்போது, பிட்காயின் என்று ஒன்று கேள்விப்பட்டு விளையாட்டாக அந்த லேப்டாப்பை நாள்கணக்கில் ஓடவிட்டிருக்கிறான். கையில் பிடிக்க முடியாத, கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற காசு. ஐம்பது காயின் விழுந்தது. அன்றைக்கு ஐம்பதையும் சேர்த்துக் கொடுத்தாலும் ஒரு பிரியாணிக்குக் காணாது. மறந்தே போனான். இப்போது அது பல லட்சம் பெறும் என்று பேப்பரில் எல்லாம் அதே பேச்சாக இருக்கிறது. விற்றால் தோஹா வேலையை மார்ச்சோடு விட்டுவிடலாம், நாகர்கோவிலில் சொந்தமாகக் கேமரா, நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்யலாம். அபினா அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி.

"பிள்ளை பிறக்கும்போது நான் ஊர்ல இருக்கணும் மாமா. அதுக்குத்தான்."

அந்தக் காயின்களை வைத்திருக்கிற வாலட் மென்பொருள் ரொம்பப் பழசு. அதைப் புதுசாக்கினால்தான் வெளியே அனுப்ப முடியும். "நீங்க நெட்ட மட்டும் போட்டுத் தந்தாப் போரும், நான் இங்க இருந்தே ஸ்க்ரீன பாத்து செய்திடுவேன்" என்றான் ஆன்ட்ரூஸ்.

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஜான்ரோஸுக்கு அது எங்கேயோ போய்க் குத்தியது.

"ஏன், நாம என்ன ஆனா ஆவன்னா படிக்கவா இருக்கோம்? நான் செய்யுதேன். சொல்லுங்க."

"இல்ல மாமா, அதுக்கில்ல." ஒரு கணம் தயங்கிவிட்டு ஆன்ட்ரூஸ் பொறுமையாக அடுக்கினான். முதலில் பழையதை முழுசாக மூட வேண்டும். அதற்கென்று உள்ளே மறைவாக ஒரு ஃபோல்டர் உண்டு, அதற்குள் வாலட் என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். அந்த ஃபைலைப் பென்டிரைவில் காப்பி எடுக்க வேண்டும். பழையதை நீக்க வேண்டாம், அதன் மேலேயே புதுசைப் போடலாம். "எழுதி எடுத்துக்கிடுங்க மாமா."

ஜான்ரோஸின் கையில் பேனா இருந்தது, முன்னால் தாளும் இருந்தது. எழுதவில்லை. கார்டு வாங்க வந்த இரண்டு பெண்கள் எதிரே நின்றுகொண்டிருந்தார்கள். மருமகன் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர் சார் குறிப்பெடுப்பதை அவர்கள் பார்க்க வேண்டுமா? ஆகட்டும் என்கிற தோரணையில் "ஆட்டு, ஆட்டு" என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஆன்ட்ரூஸ் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். "எனக்கு விளங்கிச்சு மாப்பிள, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்" என்று போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் கடையின் பின்னறையில் லேப்டாப்பை விரித்தார். திரையில் வாலட்டின் படம் இருந்தது. பென்டிரைவைச் சொருகி அந்தப் படத்தைப் பிடித்து இழுத்து அதில் போட்டார். கண்ணிமைக்கும் நேரத்தில் காப்பி ஆகிவிட்டது. இதற்கா இவ்வளவு பாடம் நடத்தினான் என்று சிரிப்புக்கூட வந்தது.

அடுத்து பழையதை நீக்கினார். ஆன்ட்ரூஸ் வேண்டாம் என்று சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அவருக்கு அவருடைய தொழில் சொல்லிக் கொடுத்த ஒரு விதி உண்டு. தமிழ் எழுத்துரு மென்பொருளில் பழசை வைத்துக்கொண்டு புதுசைப் போட்டால் இரண்டும் சண்டை போட்டு, மணமகன் பெயர் முழுக்கக் கட்டம் கட்டமாகிவிடும். அப்படி ஒரு முறை முந்நூறு கார்டு வீணாகி மணமகள் வீட்டாரிடம் கைகட்டி நின்றிருக்கிறார். பழசைப் பிடுங்கிவிட்டுத்தான் புதுசு. பதினேழு வருட அனுபவத்தை மாப்பிள்ளையின் ஒரு வார்த்தைக்காகத் தள்ளிவிட முடியுமா? பிடுங்கினார். புதுசை இறக்கிப் போட்டார். திறந்தார்.

சைபர்.

இருப்பு என்ற இடத்தில் ஒரு சைபர், ஒரு புள்ளி, அதற்கப்புறமும் சைபர்கள். கீழே ஒரு ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில், இருநூற்றைம்பது வாரம் பின்தங்கியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஜான்ரோஸுக்கு அது தன்னைத்தான் சொல்கிறது என்று பட்டது.

மூடித் திறந்தார். சைபர். லேப்டாப்பையே அணைத்துப் போட்டார். சைபர். அப்போதுதான் பென்டிரைவைத் திறந்து, காப்பி எடுத்ததைச் சொடுக்கினார். திறக்கவில்லை. அளவைப் பார்த்தார். ஒரு கடிதம் டைப் செய்தால்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அவர் இழுத்துப் போட்டது வாலட் இல்லை, வாலட்டுக்கு வழி காட்டுகிற வெறும் படம். "படத்த இழுத்துப் போட்டா ஃபைல் வராது பிள்ளைகளே, இது வீட்டுக்கு முன்னால நிக்கிய போர்டுதான், வீடு இல்ல" என்று பதினைந்து வருடம் கோடை வகுப்பில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் அவர்தான். காதுமடல் சூடாகிவிட்டது. பின்னறையில் யாரும் இல்லை, ஆனாலும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

போன் அடித்தது. ஆன்ட்ரூஸ். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. எடுத்து என்ன சொல்வது? எழுதி எடுக்கச் சொன்னான், எழுதவில்லை. நீக்காதே என்றான், நீக்கினேன். ஃபைலை எடு என்றான், போர்டைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். இதை மருமகனிடம், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், எந்த வாயால் சொல்வது? அன்று மொத்தம் நான்கு முறை அடித்தது. நான்கு முறையும் அவர் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஒடம்புக்கு என்னவாக்கும்?" என்று மனைவி நேசம்மாள் கேட்டாள். கிறிஸ்துமஸ் வேலை கூடுதல் என்றார். அப்போதே மனசுக்குள் ஒரு வழி உருவாகிக்கொண்டிருந்தது. நல்ல மனிதருக்குக் கெட்ட யோசனை வரும்போது அது எவ்வளவு ஒழுங்காக, வரிசையாக வந்து நிற்கிறது என்று நினைத்தால் ஆச்சரியம்தான். லேப்டாப் அப்படியே இருந்தால் ஆன்ட்ரூஸ் தோஹாவிலிருந்தே உள்ளே பார்த்துவிடுவான். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, எல்லாம் தெரிந்துவிடும். உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது.

காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு செல்வன் கடைக்குப் போனார். அவர் கடையிலிருந்து நான்கு கடை தள்ளி, மாடியில். செல்வன் கடியப்பட்டணத்துப் பையன், முப்பது வயசு இருக்கும். அப்பா கடலுக்குப் போகிறவர். டிப்ளமோ படித்துவிட்டு இரண்டு வருடம் முன்னால் இங்கே வந்து சர்வீஸ் கடை போட்டான். வந்த நாள் முதல் ஜான்ரோஸின் பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்த மாடிப்படி ஏறினார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. குறைப்படாததாலேயே அது உள்ளே கிடந்தது.

"வாங்க சார்!" என்று செல்வன் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டான். கம்ப்யூட்டர் சார் தன் கடைக்கு வந்ததில் அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"வைரஸ் கேறியிருக்கு மக்கா. சுத்தமாத் தொடச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுத் தா. ஒரு பொட்டு பாக்கி இருக்கப்பிடாது."

"செஞ்சிடுவோம். உள்ள ஏதும் எடுத்து வைக்கணுமா சார்? போட்டோ, டாக்குமெண்ட்?"

"ஒண்ணும் எடுக்க வேண்டாம்."

"சி டிரைவ்ல சில நேரம் மறைவா ஏதும் கெடக்கும் சார். நான் வேணும்னா ஒண்ணு பாத்து..."

"நான் பாத்தாச்சுலா? ஒண்ணும் எடுக்க வேண்டாம்னு சொன்னேன்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. செல்வன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவனுக்கு இவர் சொன்னதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலம், ஒரு பொட்டு பாக்கி இல்லாமல் துடைத்த லேப்டாப்பைப் பையில் போட்டுக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

அதன் பிறகுதான் ஜான்ரோஸ் மருமகனைக் கூப்பிட்டார். எல்லாம் சரியாகச் செய்துகொண்டிருந்தேன், நடுவில் வைரஸ் வந்து நின்றுவிட்டது, ஒரு கை பார்க்கட்டும் என்று செல்வனிடம் கொடுத்தேன், ஃபைலை எடுத்து வை என்று சொல்லித்தான் கொடுத்தேன், அவன் கேட்காமல் கொள்ளாமல் துடைத்துப்போட்டான்.

சொல்லி முடித்துவிட்டு, "மாப்பிள?" என்று கூப்பிட்டார்.

"காப்பி எடுத்த பென்டிரைவ் இருக்கா மாமா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "அதையும் கூடத்தான் குடுத்தேன். அதையும் தொடச்சிட்டான்."

"சரி மாமா. நீங்க சங்கடப்படாதங்க" என்றான் ஆன்ட்ரூஸ். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் சங்கடப்படாதங்க என்று சொன்னதுதான் இரவெல்லாம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. திருவனந்தபுரத்தில் அழிந்ததை மீட்டெடுக்கிற ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். கொடுத்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. செல்வன் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தான்.

மார்ச்சில் வேலையை விடுவதாக இருந்த ஆன்ட்ரூஸ் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

பொய் ஒரே இடத்தில் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து வாட்ச் கடைக் கிருஷ்ணமணி, "என்ன சார், மொகமே செரியில்ல?" என்று கேட்டபோது ஜான்ரோஸ் அதே கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, கூட ஒன்று சேர்த்தார். "அவனச் சொல்லி என்ன. கடப்புறத்துக்காரன் கையில கொண்டு குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

கடற்கரை ஆட்களை மட்டம் தட்டுகிற அந்த வார்த்தை எவ்வளவு சுளுவாக வாயில் வந்தது என்று அவருக்கே திக்கென்றது. அப்படிப் பேசுகிற குடும்பம் இல்லை அவருடையது. ஆனால் கிருஷ்ணமணி தலையை ஆட்டிக்கொண்டான். வேறு சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. நேசம்மாள் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அழுதுகொண்டே சொன்னாள். அங்கிருந்து வெளியே வரும்போது, துடைத்துவிட்டான் என்பது எடுத்துவிட்டான் என்று ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய காசு, சும்மா துடைப்பானா? ஜான்ரோஸ் காதுபடவே சொன்னார்கள். இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அதையே ஒரு நேர்மை மாதிரி மனசுக்குள் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் செல்வன் ஜான்ரோஸின் கடைக்கு வந்தான். வாசலில் நின்றே கேட்டான்.

"சார், நான் கேட்டேன்லா? எடுத்து வைக்கணுமான்னு ரெண்டு தடவ கேட்டேன். வெளிய வேற மாதிரிச் சொல்லுதாங்க. ஒரு பள்ளிக்கூடத்து வேலை கையில இருந்தது, அதும் வேண்டாம்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போரும் சார்."

"இப்பம் ஆளு நிக்கிது மக்கா. பைய பேசலாம்" என்றார் ஜான்ரோஸ். கடையில் ஒரே ஒரு ஆள், அதுவும் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர். செல்வன் அந்த ஆளைப் பார்த்தான், பிறகு இவரைப் பார்த்தான், படியிறங்கிப் போனான். அன்று அவர் அமைத்த கல்யாணக் கார்டில் தேதியைத் தப்பாகப் போட்டார். பைய பேசுகிற நாள் வரவே இல்லை. செல்வன் கடைப் பக்கம் போகாமல் சந்தைக்குச் சுற்றிப் போகிற வழி ஒன்று உண்டு. அது பழகிவிட்டது.

அபினா ஏழாம் மாசத்தில் வந்தாள். ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை ஆன்ட்ரூஸ் போனில்தான் பார்த்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நேசம்மாள் போனைக் குழந்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் அவன் சிரித்தபடி இருந்தான், கண் மட்டும் சிரிக்கவில்லை. ஜான்ரோஸ் தண்ணீர் வாங்கிவருகிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டார். கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரிக் கேட்டில் நின்று ஒரு நிமிஷம் நிஜமாகவே ஜெபித்தார். பிறகு தண்ணீர் வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

ஆகஸ்டில் ஞானஸ்நானத்துக்காக ஆன்ட்ரூஸ் பன்னிரண்டு நாள் லீவில் வந்தான். ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் காலை, "மாமா, செல்வன் கடை வரைக்கும் ஒண்ணு போயிட்டு வருவோம்" என்றான்.

"இனி எதுக்கு மாப்பிள? போனது போச்சு."

"சண்டைக்கு இல்ல மாமா. அவரு எனக்கு ஒரு மெயில் எழுதியிருந்தாரு. உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஜான்ரோஸும் போனார். மாடிப்படியில் மருமகன் கை கொடுத்தான். அதைப் பிடித்துக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

இரண்டு அறையாக இருந்த கடை ஒரு அறையாகச் சுருங்கியிருந்தது. செல்வன் எழுந்து நின்றான். நாற்காலி போட்டான். முன்பு போட்ட மாதிரியேதான் போட்டான், ஆனால் "வாங்க சார்" என்று சொல்லவில்லை.

"இந்த எட்டு மாசமா நான் இதத்தான் படிச்சேன்" என்றான் ஆன்ட்ரூஸிடம். "இப்படி ஒண்ணு உண்டுன்னே எனக்கு முன்ன தெரியாது. திருடன்னு பேரு வாங்குன பொறகு, எதத் திருடுனேன்னாவது தெரியணும்லா?" பிறகு ஜான்ரோஸ் பக்கம் திரும்பினான். "சார், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எங்கிட்ட கொண்டு வாறதுக்கு முன்னால, புதுசப் போட்டுத் தொறந்தப்பம், அதுல என்ன காட்டிச்சு?"

ஜான்ரோஸ் மருமகனைப் பார்த்தார். ஆன்ட்ரூஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதுதான் வாசல் என்று அவருக்குப் பட்டது. சைபர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காயின் இவனிடம் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டது என்று ஆகிவிடும். இவன் தலையில் இருப்பது இறங்கிவிடும். தன் தலையில் ஏறும், ஏறட்டும். எட்டு மாதம் சுமந்ததைவிட அது ஒன்றும் கனமாக இருக்காது. ஒரு முறை செருமினார்.

"சைபர்" என்றார். "சைபர் காட்டிச்சு. எங்கையிலதான் போச்சு மாப்பிள. இவங்கிட்ட வரதுக்கு முன்னாலயே போச்சு. இவன் ஒரு தெத்தும் செய்யல்ல."

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. எழுதி எடுக்காதது, படத்தை இழுத்துப் போட்டது, பழசைப் பிடுங்கியது, போனை எடுக்காமல் கவிழ்த்து வைத்தது, பென்டிரைவைப் பற்றிச் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார். அழுகைக்கு நடுவில், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஒரு நிம்மதியும் வந்தது. இதற்குக் கீழே இனிப் போவதற்கு இடமில்லை என்கிற நிம்மதி.

செல்வன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தான்.

"போகல்ல சார்" என்றான்.

"என்ன?"

"உங்க கையில வச்சு ஒண்ணும் போகல்ல. பழசப் பிடுங்கினா புரோகிராம்தான் போவும். அந்த வாலட் ஃபைல் அது பாட்டுக்கு உள்ள கெடக்கும், அதுக்கு ஒரு கேடும் வராது. புதுசு மொதல்ல தொறக்கும்போ எல்லாருக்கும் சைபர்தான் காட்டும் சார். ஒலகம் முழுக்க உள்ள கணக்க மொதல்ல இருந்து வாசிச்சுட்டு வரும், நம்ம காயின் கிட்ட வாறது வர சைபர்தான். கீழ ஒரு பட்டை ஓடிச்சுலா?"

"ஓடிச்சு."

"அதுதான். ரெண்டு நாளு அப்படியே போட்டிருந்தா தன்னால வந்திருக்கும். எங்கிட்ட கொண்டு வாறப்பம் அம்பதும் உள்ளதான் இருந்துது. நான்தான் தொடச்சேன்." அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "எங்கையாலதான் தொடச்சேன்."

ஜான்ரோஸ் ஆன்ட்ரூஸைப் பார்த்தார். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அவனுக்கு இது தெரியும். முதல் நாளே அவன் ஏதோ சொல்ல வந்தது, நான்கு முறை கூப்பிட்டது, எல்லாம் இதைச் சொல்லத்தான்.

"செல்வன் உங்ககிட்ட கேட்டாரா மாமா? எடுத்து வைக்கணுமான்னு?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னிய?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஒண்ணும் எடுக்க வேண்டாம்னு சொன்னேன்."

தப்பை அவர் செய்யவே இல்லை. செய்ததாக நினைத்த தப்பை மறைக்கப் போய்த்தான் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார். யாரிடமாவது, இதோ இந்தப் பையனிடமாவது, சைபர் காட்டுகிறதே என்று அன்றைக்குக் கேட்டிருக்கலாம். அவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கும், ஆனால் அவன் துடைத்திருக்க மாட்டான். உட்கார்ந்து பார்த்திருப்பான். பட்டை அதுபாட்டுக்கு ஓடியிருக்கும்.

ஆன்ட்ரூஸ் எழுந்தான். செல்வனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னான், ஜான்ரோஸுக்குக் கேட்கவில்லை. பிறகு, "பிள்ளைக்கு மருந்து வாங்கணும் மாமா, நான் போறேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. படியிறங்கிப் போனான். கீழே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. மாமனாரைக் கூட்டிப் போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை போலும், அல்லது தோன்றியும் போய்விட்டான். இன்னும் பத்து நாளில் அவன் தோஹாவுக்குப் போவான், குழந்தை இங்கே இருக்கும்.

"என்ன மன்னிச்சுரு மக்கா" என்றார் ஜான்ரோஸ்.

செல்வன் சரி என்று சொல்லவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன சார்? நான் கேட்டதும் நீங்க சொன்னதும் எனக்குத் தெரியாததா? தெரியாதவங்கட்ட சொல்லணும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ரோட்டில் கேரளா பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றன. தன் கடையைத் தாண்டி வாட்ச் கடைக்குப் போனார். கிருஷ்ணமணி கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு வாட்ச்சைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"கிருஷ்ணமணி, ஒரு காரியம் சொல்லணும். அந்த லேப்டாப் விஷயத்துல செல்வன் ஒரு தெத்தும் செய்யல்ல. எல்லாம் நான் செஞ்சது."

கிருஷ்ணமணி லென்ஸைக் கழற்றிவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தான். முகம் அப்படியே இளகிப் போயிற்று.

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் கழிஞ்சுதுலா, அதுக்காக்கும் மன்னிச்சு விடுதிய" என்றான். "இதுதான் சார் நீங்க. இவ்வளவு நஷ்டப்பட்டும் அந்தப் பயலுக்காக உங்க தலையில எடுத்துப் போடுதியளே, உங்கள மாதிரி ஒரு மனுசன் இந்த ரோட்டுல உண்டா? ஆனா ஒண்ணு, நீங்க சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

பக்கத்தில் வாட்ச்சுக்கு பேட்டரி மாற்ற நின்ற ஓமனா டீச்சர், "உள்ளதாக்கும்" என்று பக்தியோடு தலையை ஆட்டினார்.

ஜான்ரோஸுக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது. சும்மா நின்றால் போதும், இந்த நல்ல பேரும் தன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். கடை வாசலில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்படி இல்ல கிருஷ்ணமணி. டீச்சரும் நில்லுங்க, கேளுங்க" என்றார். "டிசம்பர்ல மாப்பிள எனக்கு போன் பண்ணினாரு. எழுதி எடுக்கச் சொன்னாரு. நான் எழுதல்ல."